இரண்டு விசில்

கடையில் வாங்கிய பாலைக்கூட மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஹசிந்தா காப்பியில் விடுவாள். அவள் புருஷன் நிகானோருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. கொடுத்ததைக் குடிப்பார், சொன்னதை நம்புவார். "உங்க ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பங்கு சந்தேகத்தைக் கடவுள் குடுத்தாரு. அதை நீ ஒருத்தியே சாப்பிட்டுட்ட" என்பாள் பக்கத்து டிரெய்லரில் இருக்கும் சாயோ.

பேக்கோஸ் ஆற்றுக்கு மேற்கே, ரயில் பாதைக்கும் வறண்ட ஓடைக்கும் நடுவே கிடந்தது அந்த டிரெய்லர் குடியிருப்பு. சக்கரத்தின் மேல் நிற்கிற தகர வீடுகள். பெயர் 'மெஸ்கீட் நிழல்'. மெஸ்கீட் மரமும் கிடையாது, நிழலும் கிடையாது. இருக்கிற ஒரே நிழல் துணி துவைக்கும் அறையின் சுவர் நிழல்தான். குடியிருப்பிலேயே சிமெண்டுக் கல்லில் கட்டிய ஒரே கட்டடம் அது. குளிர்காலத்திலிருந்து அதற்குப் பூட்டு. மெஷின் ரிப்பேர் என்று மேனேஜர் மிஸஸ் ஃபிக் சொல்லியிருந்தாள்.

அந்தச் சுவர் நிழலில் நாற்காலி போட்டுத்தான் அன்றைக்குக் கூட்டம் நடந்தது. மாவட்டத்தின் பேரிடர் வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஆள் பேச வந்திருந்தார். கான்சஸ் மாநிலத்துக்காரர். அவருடைய குடும்பப் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை என்பதால் வந்த அன்றே 'கான்சஸ்காரர்' ஆகிவிட்டார். வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் எண்ணெய் வயலுக்குப் போயிருந்தார்கள். கிழடு கட்டைகள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள். மிஸஸ் ஃபிக் எல்லாருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுத்தாள்.

"குடிக்கலையா கொமாத்ரே?" என்றாள் சாயோ. ஹசிந்தாவின் மகளுக்கு ஞானத்தாய் அவள். அந்த உறவில்தான் எப்போதும் கூப்பிடுவாள்.

"இந்தப் பொம்பள ஐஸ் போட்டு ஓசியில குடுக்கறான்னா, பின்னால என்னமோ வருது."

"வர்றது இருக்கட்டும். சாறு நல்லாருக்கு. உன்னோடதையும் குடு."

கான்சஸ்காரர் இங்கிலீஷில் பேசினார். நிகானோர் பக்கத்தில் நின்று ஸ்பானிஷில் சொன்னார். எண்ணெய் கம்பெனிக்குத் தண்ணீர் லாரி ஓட்டிய காலத்தில் கற்ற இங்கிலீஷ்.

"சுழல்காத்துக்கு டிரெய்லர் ஒரு வீடே இல்லையாம். தகர டப்பாவாம். அதுக்குள்ள மட்டும் இருக்காதீங்கன்னு சொல்றாரு."

"அப்ப எங்க இருக்கறது? அவரு ஊருல?" என்றாள் சாயோ.

"அங்க எல்லா வீட்டுக்கும் அடியில நிலவறை உண்டாம்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இந்த மண்ணில் முழங்கை ஆழம் தோண்டினால் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. சாயோவின் பழைய நாயைப் புதைக்கவே ரோடு போடுகிறவர்களிடம் மெஷின் இரவல் வாங்க வேண்டியிருந்தது.

"இரும்புப் பெட்டி ஒண்ணு விக்கிறாங்களாம், வெளியில வெச்சுக்கலாமாம்" என்றார் நிகானோர்.

"என் மச்சான் வாங்கி வெச்சிருக்கான்" என்றாள் சாயோ. "ஜூன் மாசத்துல உள்ள போனா, காத்து வர்றதுக்குள்ள வெந்து செத்துரலாம். அதுவும் எடம் இருந்தாத்தான். கிலுகிலுப்பைப் பாம்பு ஏற்கனவே குடிவந்திருச்சு. வாடகை கேட்டா சத்தம் போடுது."

கான்சஸ்காரர் சிரிக்கவில்லை. தன் சொந்த ஊரில் சுழற்காற்று எடுத்துக்கொண்டு போன டிரெய்லர்களைப் பற்றிச் சொன்னார். சொல்லும்போது தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிஷம் ஹசிந்தாகூட அவரை நம்பினாள். பிறகு அவர் முடிவாக ஒன்று சொன்னார்.

நிகானோர் சுற்றுமுற்றும் பார்த்தார். தரை தட்டையாகக் கிடந்தது. ரோட்டோரத்தில்கூட வாய்க்கால் கிடையாது. "ஒண்ணுமே வழியில்லைன்னா ஓடையில போய்க் குப்புறப் படுங்க, கையால தலைய மூடிக்கங்கன்னு சொல்றாரு."

"ஓடைன்னா சொன்னாரு?" என்றாள் ஹசிந்தா.

"பள்ளம்னாரு. இங்க பள்ளம்னா ஓடைதானே?"

"அவரையே கேளு."

நிகானோர் கேட்டார். கான்சஸ்காரர் எழுந்து டிரெய்லர்களுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ஆள் உயரத்துக்குக் கரை, அடியில் வெள்ளை மணல், நடுவில் யாரோ போட்ட ஒரு சோபா.

"அதுல தண்ணி இருக்கான்னு கேக்கறாரு."

"தண்ணியா!" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். "அதுல எங்க தண்ணி! பேரப்பசங்க ஃபுட்பால் ஆடற எடம்."

"அப்படின்னா ரொம்ப நல்லதாம். ஆழமாவும் இருக்கு, காஞ்சும் இருக்குங்கறாரு."

ஹசிந்தா எழுந்தாள். "மிஸ்டர், என் சித்தப்பா ஒரு நாளு வெட்ட வெளிச்சத்துல, நீல வானத்துக்குக் கீழ, அந்த ஓடையில லாரிய நிறுத்திட்டு டயர் மாத்தப் பாத்தாரு. ஜாக்கி எரவல் வாங்க மேல போயிட்டுத் திரும்பினா லாரியக் காணோம். கீழ ஆட்டுப்பட்டி வேலியில போய்க் கெடந்துச்சு. மழை இங்க பெய்யல. மேக்கால மலையில பெஞ்சுது."

நிகானோர் அதைச் சொன்னார். கான்சஸ்காரர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். "அப்படி வெள்ளம் எத்தனை வருஷத்துக்கு ஒருதரம் வரும்னு கேக்கறாரு."

"சுழல்காத்து மட்டும் வாராவாரம் வருதாக்கும்? ரெண்டும் ஒரே மேகத்துலேருந்துதான் வருதுன்னு சொல்லு."

நிகானோர் அதைச் சொல்லவில்லை. "சரின்னு சொல்றா" என்று சொல்லிவிட்டார்.

"காத்து வர்றது எப்படித் தெரியும்?" என்று சாயோ கேட்டாள்.

"சரக்கு ரயில் மாதிரி சத்தம் கேட்குமாம்."

"எந்த ரயிலு? சாயங்கால ரயிலா, விடியக்கால ரயிலா?" முதுகுக்குப் பின்னால் நாள் தவறாமல் சரக்கு ரயில் போகிற இடம் அது. மறுபடி சிரிப்பு.

இந்தத் தடவை கான்சஸ்காரர் குரலை உயர்த்தினார். நிகானோரும் உயர்த்தினார். "ரயிலே வராம ரயில் சத்தம் கேட்டா, தலையத் தூக்கக் கூடாது! என்னன்னு பாக்கலாம்னு தலையத் தூக்கினவன் அதுக்கப்புறம் எதையும் பாத்ததில்லையாம்!"

அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் ஒரு மஞ்சள் சட்டையும் விசிலும் கொடுத்து நிகானோரைக் குடியிருப்புக்குத் தலைவராக்கினார். நீளமாக ஒரு விசில் என்றால் ஓடைக்குப் போக வேண்டும். குட்டையாக இரண்டு என்றால் ஆபத்து முடிந்தது, எழுந்திருக்கலாம். நிகானோர் அந்தக் கையில்லாத சட்டையை மாட்டிக்கொண்டு நின்ற நிற்பைப் பார்த்து சாயோ சொன்னாள்: "கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்வளவு அழகா இல்ல."

வீட்டுக்கு வந்ததும் ஹசிந்தா ஆரம்பித்தாள்.

"போன வருஷம் இந்தக் குடியிருப்ப நடத்தற கம்பெனி என்ன சொன்னுச்சு? காத்துக்கு ஒதுங்கக் கெட்டியா ஒரு ரூம் கட்டித் தர்றோம்னாங்க இல்ல?"

"சொன்னாங்க."

"கட்டினாங்களா?"

"கட்டுவாங்க."

"கட்ட மாட்டாங்க. அதுக்குப் பதிலாத்தான் இந்த ஆளக் கூட்டிட்டு வந்திருக்கா அந்த மிஸஸ் ஃபிக். ஓடையில படுங்கன்னு சொல்றதுக்கு ஒரு மூட்டை சிமெண்டு வேணுமா? எலுமிச்சைச் சாறு போதும்."

"உனக்கு எல்லாத்துலயும் சூது."

"சரி, சூதில்ல. துணி துவைக்கிற ரூமு சிமெண்டுதானே? அதைத் திறந்து விட்டா என்ன?"

"மெஷின் ரிப்பேராம் கிழவி."

"மெஷின்தானே ரிப்பேரு? சுவருமா ரிப்பேரு?"

நிகானோர் மஞ்சள் சட்டையைக் கழற்றி மடிக்கத் தொடங்கினார்.

"போய்க் கேளேன்."

"கேட்டா அந்தம்மா சங்கடப்படும்."

அதுதான் நிகானோர். ஒருவர் முகத்துக்கு நேராகச் சந்தேகத்தைச் சொல்வது அவருக்குத் துப்புவது மாதிரி. ஹசிந்தாவுக்குச் சுழற்காற்றைப் பற்றிப் பெரிய பயமில்லை. அவளுடைய பயமெல்லாம் சொன்னபடி படுத்துக் கிடக்கப்போகிற இந்த மனுஷனைப் பற்றித்தான். அவருடைய இடது முழங்கால் லாரியோடு தேய்ந்து போனது. இறங்குவார். கரை ஏற இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். ஒரு நாள் அந்த ஓடை இவரை எடுத்துக்கொண்டு போகும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. தோன்றினால் அவளுக்கு அது போகாது.

அடுத்து வந்த நாட்களில் நிகானோர் வானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஒரு மத்தியானம் காலி மனையில் பேய்க்காற்று ஒன்று கிளம்பியது. வெயில் காலத்தில் அங்கே தினமும் கிளம்புவதுதான். குப்பையையும் புழுதியையும் தூக்கிச் சுற்றிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்ப் படுத்துவிடும். அதைப் பார்த்து நிகானோர் நீளமாக ஊதிவிட்டார். அடுப்பில் அவரையைப் போட்டது போட்டபடி எல்லாரும் ஓடைக்கு ஓடினார்கள். சாயோ முடியைச் சுருட்டச் செருகிய ஊசிகளோடு போய்க் குப்புறப் படுத்தாள். பேய்க்காற்று அவர்கள் தலைக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் போனது.

"தோன் நிகானோர்," என்று ரொம்ப மரியாதையாகக் கூப்பிட்டு, எழுந்து மணலைத் தட்டிக்கொண்டே சாயோ கேட்டாள், "அந்தப் பை ரொம்ப ஆபத்தானதா?"

"ஜாக்கிரதையா இருக்கறதுல என்ன தப்பு?"

"என் அவரை கருகிப்போச்சு. அதுதான் தப்பு."

இரண்டாவது தடவையும் அதேதான் நடந்தது. அன்றைக்கு அவர் குளித்துக்கொண்டிருந்தபோது ஹசிந்தா விசிலை எடுத்து மாவு டப்பாவுக்குள் ஆழமாகப் புதைத்து மூடினாள். அவர் வீடு முழுக்கத் தேடினார்.

"சாயோவோட நாய் தூக்கிட்டுப் போயிருக்குமோ?"

"இருக்கும்" என்றாள் ஹசிந்தா, ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே.

அந்த வாரமே, வேலைக்குப் போகிறவர்கள் எண்ணெய் வயலிலும் பேரப்பசங்க பள்ளிக்கூடத்திலும் இருந்த ஒரு நாளில் அது வந்தது. காலையிலிருந்தே மேற்கு மலைமேல் மேகம் கருவாட்டுச் சட்டி போலக் கறுத்துக் கிடந்தது. குடியிருப்பில் வெயில். ஆனால் காற்றில் நனைந்த கிரியோசோட் புதரின் வாசனை. மழைக்குத்தான் அந்தப் புதர் வாய் திறக்கும். ஹசிந்தா வாசலில் நின்று மூக்கை உயர்த்தினாள்.

"எங்கயோ பெய்யுது."

"இங்க வெயிலடிக்குதே."

"அதான் எனக்குப் புடிக்கல."

மத்தியானம் கழிந்து, மேற்கே பழுப்பு நிறத்தில் ஒரு புழுதிச் சுவர் எழும்பியது. வெயில் செத்தது. ஊர் சைரன் அலறியது. மேசையில் இருந்த இரண்டு போனும் ஒன்றாகக் கத்தின. நிகானோர் மஞ்சள் சட்டையை மாட்டினார்.

"என் விசிலு! இன்னிக்குப் பாத்து விசிலு இல்ல!"

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவளுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் ஊதுவார். ஊதினால் எல்லாரும் ஓடைக்குப் போவார்கள். வாயை மூடிக்கொண்டாள்.

"நான் வாயாலயே கூப்பிட்டுக்கறேன். வா ஹசிந்தா."

"நான் வரல. நீயும் போகாத கிழவா. வாசனை வருது. மலையில கொட்டுது."

"டிரெய்லருக்குள்ள இருக்காதீங்கன்னு சொன்னாரு இல்ல?"

"அது சரி. ஓடைக்குப் போங்கன்னது சரியில்ல."

"அதெப்படி ஒரே ஆளு சொன்னதுல பாதி சரி, பாதி தப்பாகும்?"

"ஏன், நீ பேசறதுல ஆகறதில்லையா?"

அவர் சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தவன் நான். நானே படுக்கலைன்னா எவன் படுப்பான்?" கதவைத் திறந்ததும் காற்று அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. "எல்லாரும் ஓடைக்கு! ஓடைக்கு!" என்று கத்திக்கொண்டே நொண்டி நொண்டிப் போனார்.

ஜன்னலில் பார்த்தாள். புழுதிக்குள் ஒரு மஞ்சள் புள்ளி. அதற்குப் பின்னால் ஒவ்வொருவராய்க் கரையில் உட்கார்ந்து சரிந்து இறங்கினார்கள். சாயோ நாயைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். கடைசியில் மஞ்சள் புள்ளியும் மறைந்தது.

தகரக் கூரையில் ஆலங்கட்டி விழத் தொடங்கியது. வீடு சக்கரத்தின் மேல் அசைந்தது. ஹசிந்தா மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிடிவாதமாக இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தாள். தான் இங்கே இருப்பதும் முட்டாள்தனம், அவர் அங்கே இருப்பதும் முட்டாள்தனம், இரண்டையும் தனித்தனியாக எதற்குச் செய்ய வேண்டும் என்று தோன்றியது. மாவு டப்பாவில் முழங்கை வரை விட்டு விசிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு, நான்தான் எடுத்தேன், இப்போது மேலே வா என்று சொல்வதுதான் திட்டம்.

காற்று அவளைத் துணி துவைக்கும் அறையின் சுவரோடு அழுத்தியது. சுவரைத் தடவி மறுபக்கம் போனாள்; அங்கே மட்டும் காற்று இல்லை. பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதை முறைத்துவிட்டு ஓடைப் பக்கம் குனிந்து நடந்தாள்.

அப்போதுதான் ரயில் சத்தம் கேட்டது.

பாதையைத் திரும்பிப் பார்த்தாள். ரயில் இல்லை. வானத்தைப் பார்த்தாள். எல்லாம் புழுதி. சுழற்காற்று எந்தப் பக்கம் இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. வேறு யாராவது என்றால் அங்கேயே விழுந்து தலையை மூடியிருப்பார்கள். ஹசிந்தா சத்தத்தையும் சந்தேகப்பட்டாள். காற்றின் சத்தம் தலைக்கு மேலிருந்து வர வேண்டும். இது காலுக்கடியில் வருகிறதே? ஓடையின் மேல் பக்கத்திலிருந்து, கல்லோடு கல் உரசுகிற மாதிரி வருகிறதே?

ஓடைக்குள்ளிருந்து ஒரு முயல் கரையேறி அவள் காலுக்கு நடுவே ஓடியது. அதன் பின்னால் இன்னொன்று.

கரை விளிம்புக்குப் போய்க் கீழே பார்த்தாள். அவர்களுக்கும் ரயில் சத்தம் கேட்டுவிட்டது. சொல்லிக் கொடுத்தபடி எல்லாரும் முகத்தை மணலில் இன்னும் அழுத்திக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையும் தலைமேல்.

"நிகானோர்! தண்ணி வருது! ஏறு!"

ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை.

"சாயோ! ஏய் சாயோ!"

நாய் மட்டும் நிமிர்ந்து பார்த்தது. சாயோ அதன் தலையையும் பிடித்து அமுக்கினாள்.

நூறு தரம் கூப்பிட்டாலும் எழமாட்டார்கள். தலையைத் தூக்கினவன் செத்தான் என்று கேட்டவர்கள். அவர்கள் நம்புகிற ஒரு பேச்சு இருந்தால்தான் எழுவார்கள். ஹசிந்தா விசிலை வாயில் வைத்து ஊதினாள். மாவுதான் பறந்தது. உள்ளங்கையில் தட்டினாள், உதறினாள், மறுபடி வைத்தாள். நீளமாக ஊதக் கூடாது. குட்டையாக இரண்டு. மறுபடி குட்டையாக இரண்டு.

மஞ்சள் சட்டை அசைந்தது. நிகானோர் தலையைத் தூக்கினார். முகமெல்லாம் மணல்.

"முடிஞ்சிருச்சு!" என்று அவர் கத்தினார். "விசில் ஊதியாச்சு! எல்லாரும் எழுந்திருங்க!"

எழுந்தார்கள். முடிந்தது என்று சொன்னதால் நிதானமாக எழுந்தார்கள். ஒருவர் செருப்பைத் தேடினார்.

"ஏறுங்க!" என்று ஹசிந்தா மேலேயிருந்து கத்தினாள். "செருப்பு போகட்டும், ஏறுங்க! எலுமிச்சைச் சாறு குடுக்கறாங்க, ஏறுங்க!"

சாயோ நாயை மேலே எறிந்துவிட்டுத் தானும் ஏறினாள். ஒவ்வொருவரும் அடுத்தவர் கையைப் பிடித்து ஏறினார்கள். தலைவர் என்பதால் நிகானோர் கடைசியில் நின்றார். அவர் கரையில் கால் வைக்கும்போது ஓடை வளைவில் அது தெரிந்தது. பழுப்பு நுரை, முள்ளுக் கட்டைகள், ஒரு டயர், அதற்குப் பின்னால் ஆள் உயரத்துக்குத் தண்ணீர்.

சாயோவும் ஹசிந்தாவும் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு தோளாக மஞ்சள் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். சட்டை மட்டும் வந்தது. ஹசிந்தா அதை எறிந்துவிட்டு அவருடைய பெல்ட்டைப் பிடித்தாள். "முட்டி மடங்கல ஹசிந்தா!" "மடக்காத! பாம்பு மாதிரி வா!" அவர் பாதம் மேலே வந்ததும் தண்ணீர் வந்து அவர் நின்ற இடத்தை மூடியதும் ஏறக்குறைய ஒன்றாக நடந்தது. சோபா ஒருதரம் நிமிர்ந்து உட்கார்ந்து, பிறகு தண்ணீரோடு போனது. மஞ்சள் சட்டை அதன் பின்னால் போனது.

நிகானோர் மூச்சு வாங்கிக்கொண்டு அவளையும் அவள் கையில் இருந்த விசிலையும் பார்த்தார்.

"நீ ரெண்டு ஊதின."

"ஊதினேன்."

"ஆபத்து முடியலையே!"

"முடியல. பொய்தான். சண்டைய அப்புறம் வெச்சுக்கலாம்."

காற்று இன்னும் முடிந்திருக்கவில்லை. அதன் குரல் இப்போதுதான் மேலேயிருந்து கேட்கத் தொடங்கியது. எல்லாரும் குனிந்து துணி துவைக்கும் அறைக்கு ஓடினார்கள். பூட்டு. சாயோ கல்லை எடுத்தாள்.

"அது மிஸஸ் ஃபிக்கோட பூட்டு" என்றார் நிகானோர், பழக்கத்தில். சொல்லிவிட்டு ஓடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு சாயோ கையிலிருந்து கல்லை வாங்கி அவரே பூட்டை அடித்தார். நாலைந்து அடியில் பூட்டு தெறித்தது.

உள்ளே இருட்டு. கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்து நின்றார்கள். யாரோ போன் வெளிச்சத்தைப் போட்டார்கள். மெஷின்கள் சுவரோரத்தில் நல்லபடியாக நின்றன. அவற்றின் மேலும் கீழும் நடுவிலும் பட்டு மெத்தை நாற்காலிகள், சுருட்டிய கம்பளம், கிறிஸ்துமஸ் மரம், கண்ணாடிச் சரவிளக்கு ஒன்று.

"ஓ," என்றாள் சாயோ. "மெஷினுக்கு வந்த நோவு இதுதானா."

"அந்தம்மாவோட அம்மா செத்தப்ப வந்த சாமானா இருக்கும்" என்றார் நிகானோர் மெதுவாக. "வெக்க எடமில்லாம இருந்திருக்கும்."

"நம்மளுக்கு ஓடை, நாற்காலிக்கு சிமெண்டு ரூமு" என்றாள் ஹசிந்தா. ஈரத்தோடும் மணலோடும் பட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். நாய் கம்பளத்தின் மேல் ஏறியது.  வெளியே காற்று கடந்து போகிற வரை சரவிளக்கு கிணுகிணுத்துக்கொண்டிருந்தது.

கதவைத் திறந்தபோது எல்லா டிரெய்லரும் நின்றன, கடைசி வரிசையில் இரண்டைத் தவிர. ஒன்று ஏற்கனவே ஆள் குடியில்லாமல் கிடந்தது. இன்னொன்று ஹசிந்தாவுடையது. பக்கவாட்டில் சாய்ந்து, கூரை பிளந்து, ஜன்னல் வழியாக மாவு வழிந்து கிடந்தது. அவள் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மேசை ரயில் வேலியில் தொங்கியது.

இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"டிரெய்லருக்குள்ள இருக்காதீங்கன்னாரு" என்றார் நிகானோர்.

"உன்னக் கூட்டிட்டு வரத்தான் வெளிய வந்தேன்" என்றாள் ஹசிந்தா. "இல்லைன்னா அங்கதான் இருந்திருப்பேன்."

அவர் அவள் கையிலிருந்த மாவைத் தட்டிவிட்டார். "நாய்மேல பழி போட்டியே."

"போட்டேன்."

மறுநாள் காலையில் கான்சஸ்காரர் வந்தார். ஓடை அதற்குள் வடிந்து, சேறு வெயிலில் வெடித்துக்கொண்டிருந்தது. கரையில் நின்று வெகு நேரம் பார்த்தார். பிறகு எல்லாரும் இருந்த இடத்துக்கு வந்து, தொப்பியைக் கழற்றினார்.

"தண்ணி இருக்கான்னு நான் கேட்டேனேங்கறாரு" என்றார் நிகானோர்.

"கேட்டாரு. இல்லைன்னோம். இல்லதான்" என்றாள் ஹசிந்தா. "தண்ணி இருக்கான்னு கேட்டாரு. தண்ணி வருமான்னு கேக்கலையே."

இந்தத் தடவை நிகானோர் ஒரு சொல் விடாமல் அதை இங்கிலீஷில் சொன்னார். கான்சஸ்காரர் தலையை ஆட்டினார். இனிமேல் இந்தப் பக்கத்தில் ஓடையில் படுக்கச் சொல்ல மாட்டேன் என்றார்.

"அப்ப எங்க போகச் சொல்வீங்க?" என்று கேட்டாள் ஹசிந்தா.

அவருடைய கண் துணி துவைக்கும் அறைக்குப் போனது. அங்கே மிஸஸ் ஃபிக் கையில் புதுப் பூட்டோடு நின்றிருந்தாள். கொண்டியில் அதை மாட்டி அழுத்திவிட்டு, வெளியே இழுத்துப் போட்டிருந்த பட்டு நாற்காலி ஒன்றின் சேற்றைக் கைக்குட்டையால் துடைக்க முயன்றதை விட்டுவிட்டு, வெளிறிப்போன முகத்தோடு இவர்கள் பக்கம் வந்தாள்.

ஹசிந்தா வாயைத் திறந்தாள். அதற்குள் நிகானோர் முன்னால் போய்விட்டார்.

"மிஸஸ் ஃபிக், மெஷின் ரிப்பேர்னீங்களே, எந்த மெஷினு?"

அவள் என்னென்னவோ சொன்னாள். அம்மாவின் சாமான், கொஞ்ச நாளைக்குத்தான், கம்பெனிக்குத் தெரிய வேண்டாம் என்றாள். நிகானோர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். நடுவில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் கையை நீட்டினார்.

"சாமான் இருக்கட்டும். சாவி ஒண்ணு எங்ககிட்ட இருக்கட்டும்."

கான்சஸ்காரர் பக்கத்தில் நின்றதாலோ என்னவோ, அவள் வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றிக் கொடுத்தாள். நிகானோர் நன்றி சொல்லிப் பையில் போடப் போனார். ஹசிந்தா அதைப் பிடுங்கிக்கொண்டு நேராகக் கதவுக்குப் போனாள்.

"கொமாத்ரே, பாலை மோந்து பாக்கற மாதிரி அதையும் மோந்து பாரு" என்று சாயோ பின்னால் கூவினாள்.

சாவி உள்ளே போனது. திரும்பவில்லை. இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள்.

"ஐயோ, பழைய பூட்டோட சாவி போலிருக்கு," என்றாள் மிஸஸ் ஃபிக். "மறந்துட்டேன். நாளைக்குக் கொண்டுவர்றேன்."

ஹசிந்தா புருஷனைப் பார்த்தாள். சரி, நாளைக்கு என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தாள்.

நிகானோர் வெளியே கிடந்த அந்தப் பட்டு நாற்காலியை இழுத்துவந்து கதவுக்கு நேராகப் போட்டார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

"அவசரமே இல்ல மிஸஸ் ஃபிக். வீடு கவுந்து கெடக்கு, எங்களுக்குப் போக எடமும் இல்ல. நீங்க போய் எடுத்துட்டு வாங்க. நான் இங்கதான் இருப்பேன்."